படம் பெரிதானால் படிவம் போகாது

(அஸர் தொழுகைக்குப் பின் நடைபெற்ற கல்வி வழிகாட்டுக் கூட்டத்தில் நமது அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே.

கல்விக் கூட்டம் என்றால் எந்தப் படிப்பு படிக்கலாம், எந்தக் கல்லூரியில் சேரலாம், உதவித்தொகை எங்கே கிடைக்கும் என்றுதான் பேச்சு போகும். அவற்றை எனக்கு முன்னால் பேசியவர்கள் நன்றாகவே சொல்லிவிட்டார்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது அவற்றையெல்லாம்விடச் சின்ன விஷயம். போனில் நாம் எடுக்கிற படத்தின் அளவைப் பற்றிப் பேசப் போகிறேன்.

இதற்கு ஒரு கூட்டமா என்று நினைக்க வேண்டாம். இன்றைக்கு அரசு வேலைக்கோ, வங்கி வேலைக்கோ, உதவித்தொகைக்கோ, ஹஜ்ஜுக்கோ மனு போடுகிறவர் யாராக இருந்தாலும் புகைப்படத்தையும் கையெழுத்தையும் சான்றிதழையும் படமாக ஏற்றித்தான் ஆக வேண்டும். பிள்ளைக்கு மார்க் இருக்கிறது, தகுதி இருக்கிறது, சான்றிதழும் கையில் இருக்கிறது. கடைசி நாள் இரவு பத்து மணிக்கு உட்கார்ந்து எல்லாவற்றையும் நிரப்பி, புகைப்படம் ஏற்றுகிற இடத்துக்கு வந்தால், கோப்பின் அளவு அதிகம் என்று சிவப்பு எழுத்தில் வருகிறது. அந்த நேரத்தில் ஜெராக்ஸ் கடையும் இருக்காது, பிரவுசிங் சென்டரும் இருக்காது. ஒரு வருடம் படித்த படிப்பு அங்கே நின்றுபோகிறது.

இதைவிட மோசமான ஒன்றும் உண்டு. எப்படியோ நசுக்கிப் படத்தை ஏற்றிவிடுகிறோம், படிவமும் போய்விடுகிறது. நாமும் அல்ஹம்துலில்லாஹ் என்று நிம்மதியாக இருக்கிறோம். பிறகு சான்றிதழ் சரிபார்ப்பில் அதைத் திறந்து பார்க்கிறவருக்கு எண்ணும் தெரியவில்லை, முத்திரையும் தெரியவில்லை. படம் பெரிதாக இருந்தால் உடனே தெரிந்துவிடும். அளவுக்கு மேல் சிறுத்துப்போனால் காலம் கடந்த பிறகுதான் தெரியும். ஆகவே இன்றைக்கு நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று: படத்தைச் சிறிதாக்க வேண்டும், எழுத்தைத் தொலைத்துவிடக் கூடாது. அதை அடுத்தவர் கையில் விடாமல் நாமே, நம் வீட்டில் வைத்து, நேரத்தோடு செய்ய வேண்டும்.

ஒரு படத்தில் எத்தனை புள்ளிகள்?

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். போனில் எடுக்கிற படம் என்பது புள்ளிகளின் கூட்டம். அதைத்தான் பிக்சல் என்கிறார்கள். 12 மெகாபிக்சல் கேமரா என்றால், அகலத்தில் 4,000 புள்ளி, உயரத்தில் 3,000 புள்ளி, மொத்தம் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். இப்படி ஒரு படம் போனில் 3, 4 எம்.பி. பிடிக்கும். 1 எம்.பி. என்பது ஏறத்தாழ 1,000 கே.பி.

இப்போது கேட்கிறவர்கள் எவ்வளவு கேட்கிறார்கள் என்று பாருங்கள். பொதுத்துறை வங்கிகள் பலவற்றுக்கு எழுத்தர், அதிகாரி வேலைகளுக்கு ஆள் எடுப்பது ஐ.பி.பி.எஸ். அவர்களுடைய அறிவிப்பில், புகைப்படம் 200க்கு 230 புள்ளி என்ற அளவில், 20 கே.பி.க்குக் குறையாமலும் 50 கே.பி.க்கு மேற்படாமலும் இருக்க வேண்டும் என்று இருக்கும். கையெழுத்து 140க்கு 60 புள்ளி, 10 முதல் 20 கே.பி. இடது கைப் பெருவிரல் ரேகை 240க்கு 240 புள்ளி, 20 முதல் 50 கே.பி. கையால் எழுதித் தரும் உறுதிமொழி 800க்கு 400 புள்ளி, 50 முதல் 100 கே.பி. நம்முடைய டி.என்.பி.எஸ்.சி.யின் நிரந்தரப் பதிவிலும் புகைப்படத்துக்கு 20 முதல் 50 கே.பி., கையெழுத்துக்கு 10 முதல் 20 கே.பி. என்பதுதான் பழக்கம். அறிவிப்புக்கு அறிவிப்பு மாறலாம் என்பதால், ஒவ்வொரு முறையும் அந்த அறிவிப்பின் பின்பக்கத்தில் உள்ள அளவுகளைப் படித்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

200ஐ 230ஆல் பெருக்கினால் 46,000 புள்ளி வருகிறது. உங்கள் போனில் இருப்பது 1 கோடியே 20 லட்சம். கிட்டத்தட்ட 260 மடங்கு. அறுவடைக் காலத்தில் 260 மூட்டை நெல்லை ஒரே சாக்கில் திணிக்கச் சொன்னால் நடக்குமா? சாக்கு கிழியும், நெல்லும் நொறுங்கும். அப்படித் திணிக்கிற வேலையைத்தான், புள்ளிகளைக் குறைக்காமல் 50 கே.பி.க்குக் கொண்டுவரப் பார்க்கிறபோது நாம் செய்கிறோம். 240 புள்ளிக்கு ஒரு எழுத்து இடம்கூட மிஞ்சாது. முகம் கட்டம் கட்டமாகத் தெரிவது அதனால்தான்.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் வேண்டாத ஓரங்களை வெட்ட வேண்டும். சுவரும் கதவும் மின்விசிறியும் நமக்கு எதற்கு? அடுத்து புள்ளிகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். அதற்கும் பிறகு மிச்சம் இருந்தால்தான் தரத்தைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். இந்த வரிசையில் போனால், 200க்கு 230 புள்ளி உள்ள முகம் 30, 40 கே.பி.யில் தெளிவாகவே வந்து உட்காரும்.

இந்தக் கணக்கைக் கண்டவர் யார்?

பிள்ளைகளுக்காக இங்கே ஒரு செய்தி சொல்ல வேண்டும். 36 எம்.பி. பிடிக்க வேண்டிய அந்த 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள் போனில் வெறும் 3, 4 எம்.பி.யில் அடங்குகிறதே, அது எப்படி? ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் வேண்டும். அப்படியே எழுதினால் 36 எம்.பி. வந்துவிடும். அதைச் சுருக்குகிற முறைக்குப் பெயர் ஜேபெக். 1992இல் உலகத் தரமாக ஏற்கப்பட்டது. அதன் நடுவே இருக்கிற கணக்கைக் கண்டறிந்தவர் நஸீர் அஹ்மத். 1940இல் பெங்களூரில் பிறந்தவர். அங்கேயே விஸ்வேஸ்வரய்யா பொறியியல் கல்லூரியில் படித்துவிட்டு, அமெரிக்காவில் நியூ மெக்ஸிகோ பல்கலைக்கழகத்தில் 1966இல் முனைவர் பட்டம் பெற்றவர். பிறகு கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார்.

1972இல் இந்த ஆராய்ச்சிக்குப் பண உதவி கேட்டு, அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு அவர் மனுப் போட்டார். மனு தள்ளுபடியானது. யோசனை மிகவும் எளிதாக இருக்கிறது என்று பரிசீலித்தவர்களில் ஒருவர் எழுதியிருந்தாராம். அவர் விடவில்லை. 1973 கோடை விடுமுறையில் சம்பளம் இல்லாமலேயே அந்த வேலையில் உட்கார்ந்தார். அவருடைய ஆராய்ச்சி மாணவர் டி. நடராஜன், நண்பர் பேராசிரியர் கே. ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து 1974 ஜனவரியில் கட்டுரையாக வெளியிட்டார். நஸீர் அஹ்மத், நடராஜன், ராவ் என்று மூன்று பேர் பெயரும் அந்தக் கட்டுரையில் இருக்கிறது. இன்றைக்கு உலகத்தில் எடுக்கப்படும் புகைப்படங்களிலும், பார்க்கப்படும் வீடியோக்களிலும் பெரும்பாலானவை அந்தக் கணக்கின் மேல்தான் ஓடுகின்றன. மனு தள்ளுபடியான பிள்ளைகள் யாராவது இங்கே இருந்தால், இதைக் கேட்டு மனம் தளராமல் இருங்கள்.

அந்தக் கணக்கு செய்வது என்ன? படத்தை அகலத்தில் எட்டுப் புள்ளி, உயரத்தில் எட்டுப் புள்ளி என்று சிறு சிறு கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் பெரிதாகத் தெரிகிற மாற்றங்கள் எவை, கண்ணுக்குப் பிடிபடாத நுணுக்கமான மாற்றங்கள் எவை என்று பிரித்துக் காட்டுகிறது. பெரியவற்றை வைத்துக்கொண்டு நுணுக்கமானவற்றை விட்டுவிடலாம். களத்தில் நெல் தூற்றுவது போலத்தான். காற்று அளவாக இருந்தால் பதர் பறந்துபோகும், நெல் காலடியில் விழும். காற்று மிஞ்சினால் நெல்லும் சேர்ந்து பறந்துவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. மனித முகம் மெதுவாக மாறும் நிழலும் வெளிச்சமும் உடையது. அதைக் கொஞ்சம் அழுத்தினாலும் தாங்கும். எழுத்து அப்படி இல்லை. வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடு சட்டென்று தொடங்கிச் சட்டென்று முடிகிறது. அந்த ஓரங்கள்தான் நுணுக்கமான மாற்றங்கள். அழுத்தும்போது முதலில் பறப்பதும் அவைதான். அதனால் புகைப்படத்துக்குச் செய்வதைச் சான்றிதழுக்குச் செய்யக் கூடாது. முகம் நன்றாகத் தெரிகிற அளவு அழுத்தத்தில், சான்றிதழில் உள்ள 3க்கும் 8க்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விடும்.

இன்னொன்று, தூற்றிப் பறந்ததை மறுபடி பொறுக்க முடியாது. சுருங்கிய படத்தைப் பிறகு பெரிதாக்கினால் புள்ளிதான் பெரிதாகுமே தவிர, போன எழுத்து வராது. சுருங்கியதையே திரும்பத் திரும்பச் சேமித்தால் ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் போகும். எப்போதும் முதலில் எடுத்த படத்திலிருந்துதான் புதிய நகல் செய்ய வேண்டும். அசலைத் தொடாதீர்கள்.

வாட்ஸ்அப்பில் நடப்பது

நம் ஊர்ப் பக்கம் பாதி வீடுகளில் அத்தா சபுரில் இருக்கிறார். துபாயிலோ சவூதியிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு, பாஸ்போர்ட்டையும் சம்பளச் சான்றையும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். இங்கே அம்மா அதை மகளுக்கு அனுப்புகிறார், மகள் கடைக்காரருக்கு அனுப்புகிறாள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பினால், அது தானாகவே சுருக்கித்தான் அனுப்பும். வேகமாகப் போய்ச் சேர அது நல்லதுதான். சான்றிதழுக்கு அது ஆகாது.

சில மாதங்களுக்கு முன் மருத்துவ உதவி கேட்டு நம் அலுவலகத்துக்கு ஒரு மனு வந்தது. ஆஸ்பத்திரி பில்லின் படம் மூன்று போன் மாறி வந்திருந்தது. தொகை 13,500ஆ, 18,500ஆ என்று உட்கார்ந்திருந்த மூன்று பேருக்கும் தெரியவில்லை. தெரியாத தொகைக்கு ஜகாத் நிதியிலிருந்து எடுத்துக் கொடுக்க முடியாது, அது நம்மிடம் உள்ள அமானிதம். அந்தத் தாய் தஞ்சாவூர் வரை பஸ் ஏறிப் போய் வேறு நகல் வாங்கி வந்தார். நான்கு நாள் தாமதம். மருந்துக்காகக் காத்திருக்கிறவருக்கு நான்கு நாள் என்பது சின்ன விஷயம் இல்லை.

இதற்கு வழி எளிது. வாட்ஸ்அப்பில் இணைப்பு அடையாளத்தைத் தொட்டு, கேலரிக்குப் போகாமல் 'டாக்குமெண்ட்' என்பதைத் தேர்ந்தெடுத்துப் படத்தை அனுப்புங்கள். எடுத்தது எடுத்தபடி போகும். 2 ஜி.பி. வரை அப்படி அனுப்பலாம். சபுரில் இருக்கும் அத்தாமார்களுக்கும் அண்ணன்மார்களுக்கும் இதை இன்றைக்கே சொல்லிவிடுங்கள். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இன்னும் ஒரு சொல். அந்தப் போன் படத்தை 'ஹெய்க்' என்ற வேறு வகையில் சேமிக்கும். இங்கே பல தளங்கள் அதை ஏற்பதில்லை. கடைசியில் உள்ள பெயரை மட்டும் ஜே.பி.ஜி. என்று மாற்றி எழுதினால் வகை மாறிவிடாது. செட்டிங்ஸில் கேமராவுக்குப் போய், ஃபார்மேட்ஸ் என்பதில் 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' என்று வைத்துவிட்டால், பிறகு எடுப்பதெல்லாம் ஜே.பி.ஜி.யாகவே வரும்.

எடுக்கும்போதே சரியாக எடுப்பது

புகைப்படம். வெள்ளை அல்லது வெளிர் நிறச் சுவருக்கு முன்னால், வெளிச்சம் முகத்தில் விழும்படி நின்று, நேராகப் பார்க்க வேண்டும். கண்ணாடி போட்டிருந்தால் அதில் வெளிச்சம் மின்னக் கூடாது. நம் பெண் பிள்ளைகள் பலர், முக்காட்டை எடுக்கச் சொல்வார்களோ என்று பயந்து மனுவே போடாமல் இருந்துவிடுகிறார்கள். ஐ.பி.பி.எஸ். அறிவிப்பிலேயே, மத வழக்கப்படியான தலைமறைப்புக்கு அனுமதி உண்டு, முகத்தை மறைக்கக் கூடாது என்று தெளிவாக இருக்கிறது. ஹிஜாபோடு, நெற்றியிலிருந்து முகவாய் வரை தெரியும்படி எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைச் சுவருக்கு முன்னால் வெள்ளை முக்காடு வேண்டாம். படம் சிறுத்ததும் இரண்டும் ஒன்றாகக் கலந்துபோகும். கொஞ்சம் அடர்ந்த நிறத்தில் போட்டுக்கொண்டால் தலையின் உருவம் பிரிந்து தெரியும்.

கையெழுத்து. வெள்ளைத் தாளில் கறுப்பு மையில் போட வேண்டும். ஆங்கிலத்தில் போடுகிறவர்கள் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் போட்டால் ஏற்க மாட்டார்கள். ஒரு முழுத்தாளின் மூலையில் கையெழுத்துப் போட்டு, தாள் முழுவதையும் படம் எடுத்து அனுப்புகிறார்கள். அதை 140க்கு 60 புள்ளிக்குக் கொண்டுவந்தால் கையெழுத்து ஓர் எறும்பு அளவுக்கு நிற்கும். கிட்டத்தில் வைத்து எடுத்து, கையெழுத்தை ஒட்டி வெட்டிவிட்டுப் பிறகு சிறிதாக்குங்கள்.

சான்றிதழ். இங்கேதான் நம்மவர்கள் வீணாகச் சிரமப்படுகிறார்கள். இ-சேவை மூலம் வாங்குகிற சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று எல்லாம் முதலில் பி.டி.எஃப். கோப்பாகத்தான் வருகின்றன. அதை ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து, லேமினேஷன் போட்டு, அந்தப் பளபளப்பின் மேல் படம் எடுத்து, அது 4 எம்.பி. இருக்கிறதே என்று நசுக்குகிறோம். அந்த மூலக் கோப்பைத் தரவிறக்கி வைத்திருந்தால் எழுத்து ஒவ்வொன்றும் அச்சுப்போல இருக்கும், அளவும் சின்னதாக இருக்கும். டிஜிலாக்கரில் மதிப்பெண் சான்றிதழும் ஆதாரும் எடுத்து வைத்துக்கொள்ளலாம். அங்கே வழங்கப்படும் ஆவணத்துக்குச் சட்டப்படி அசலின் மதிப்பு உண்டு.

சாதிச் சான்றை நான் தனியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2007 முதல் நம் மாநிலத்தில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. கல்வியிலும் அரசு வேலையிலும் அது நம் பிள்ளைகளுக்குக் கதவு. லெப்பை, ராவுத்தர், மரைக்காயர் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. அந்த உரிமையைக் கேட்பது படிவத்தில் ஒரு கட்டத்தை டிக் செய்வதால் மட்டும் முடிந்துவிடாது. ஏற்றிய சான்றில் பெயரும் பிரிவும் எண்ணும் வாசிக்கத் தெரிய வேண்டும். எத்தனையோ பெரியவர்கள் பாடுபட்டுப் பெற்ற உரிமையை ஒரு மங்கலான படத்தால் விட்டுவிடலாமா?

கையில் தாள் மட்டும்தான் இருக்கிறது என்றால், பகல் வெளிச்சத்தில், நிழல் விழாமல், தாளுக்கு நேர் மேலே போனைப் பிடித்து எடுங்கள். கூகுள் டிரைவ் செயலியில் ஸ்கேன் செய்கிற வசதி இருக்கிறது. ஓரத்தை அதுவே வெட்டி, கோணலை நிமிர்த்தி, பி.டி.எஃப். ஆக்கித் தரும். வண்ணம் தேவையில்லாத தாளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் அளவு நன்றாகக் குறையும். முத்திரை இருந்தால் மட்டும் வண்ணத்திலேயே இருக்கட்டும்.

சிறிதாக்குவது எப்படி?

வீட்டில் கணினி இருந்தால் இணையமே வேண்டாம். விண்டோஸில் பெயிண்ட் என்று ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் சின்ன வயதில் அதில் படம் வரைந்திருப்பார்கள். அதில் படத்தைத் திறந்து, வேண்டிய பகுதியைத் தேர்ந்து 'கிராப்' கொடுங்கள். பிறகு 'ரீசைஸ்' என்பதைத் தொட்டு, 'பிக்சல்ஸ்' என்பதைத் தேர்ந்து, கேட்ட அளவை எழுதுங்கள். அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் மாறாதபடி பூட்டு இருக்கும். அதை அவிழ்த்துவிட்டு எண்ணை எழுதினால் முகம் அப்பளமாகவோ புடலங்காயாகவோ ஆகிவிடும். கேட்ட வடிவத்துக்கு முதலிலேயே வெட்டிக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. முடிந்ததும் வேறு பெயரில் ஜேபெக் ஆகச் சேமியுங்கள். பிறகு கோப்பின் மேல் வலப்பக்க பட்டனை அழுத்தி, 'ப்ராப்பர்ட்டீஸ்' பார்த்தால் எத்தனை கே.பி. என்று தெரியும்.

50க்கு மேல் இருந்தால் புள்ளியை இன்னும் கொஞ்சம் குறைக்கலாம். 20க்குக் கீழே போயிருந்தால் அதுவும் தவறுதான். கீழ்வரம்பு என்று ஒன்று இருப்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. அப்படியானால் அசலிலிருந்து கொஞ்சம் பெரிதாக மறுபடி செய்யுங்கள்.

ஏற்றுவதற்கு முன்னால் கடைசியாக ஒரு சோதனை. சிறிதாக்கிய படத்தைத் திறந்து, வீட்டில் பெரியவர் ஒருவரிடம் காட்டி, அதில் உள்ள எண்ணை வாசிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறாமல் வாசித்தால் அதிகாரியும் வாசிப்பார்.

போனிலேயே செய்ய நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. படத்தைச் சிறிதாக்கித் தருகிறோம், இலவசம் என்று எத்தனையோ தளங்கள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றில் நீங்கள் கொடுக்கும் கோப்பு வேறு யாருடைய கணினிக்கோ போய்த்தான் திரும்பி வருகிறது. ஆதார் அட்டை, பாஸ்போர்ட், வங்கிப் புத்தகம், நம் பெண் பிள்ளைகளின் புகைப்படம் இவற்றையெல்லாம் முகம் தெரியாத இடத்துக்கு அனுப்பி வாங்க வேண்டுமா? வெளிக் கடையில் செய்தால், வேலை முடிந்ததும் கடைக் கணினியிலிருந்து கோப்புகளை அழிக்கச் சொல்லி, எதிரிலேயே நின்று பார்த்துவிட்டு வாருங்கள். குப்பைத் தொட்டியையும் காலி செய்யச் சொல்லுங்கள். கடைக்காரர் நம் ஊர்க்காரர்தான், நல்லவர்தான். அந்தக் கணினியில் நாளைக்கு யார் உட்காருவார் என்பது அவருக்கும் தெரியாது. முழு ஆதார் எண் கேட்காத இடத்துக்கு, கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள். ஆதார் இணையதளத்திலேயே அது கிடைக்கிறது.

பெரிதாக வைக்க வேண்டியவை

எல்லாவற்றையும் சிறிதாக்கச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பழைய பத்திரம், பட்டா, வக்ஃப் ஆவணம், பாட்டனார் காலத்து உயில் இவற்றையெல்லாம் பெரிதாகவே வைத்திருக்க வேண்டும். மங்கிய மையும் பழைய கையெழுத்தும் உள்ள தாளைக் குறைந்தது 200 டி.பி.ஐ. அளவில் ஸ்கேன் செய்யுங்கள். ஏ4 தாள் என்றால் அகலத்தில் சுமார் 1,650 புள்ளி, உயரத்தில் சுமார் 2,340 புள்ளி வரும். 300 வைத்தால் இன்னும் நல்லது. அந்த அசல் ஸ்கேனைப் போனில் மட்டும் வைக்காமல் ஒரு பென் டிரைவிலும், வீட்டில் வேறு ஓர் இடத்திலும் வையுங்கள். யாராவது சின்ன அளவில் கேட்டால், அதிலிருந்து நகல் எடுத்து அந்த நகலை மட்டும் சிறிதாக்குங்கள்.

முத்தவல்லிமார்களுக்கு இதன் அருமை தெரியும். வக்ஃப் சொத்துகளைப் பதிவதற்கான உமீத் தளம் 2025 ஜூன் 6 அன்று திறக்கப்பட்டது. ஆறு மாத அவகாசம் டிசம்பர் 6 அன்று முடிந்தது. அப்போது நாடு முழுவதும் 5 லட்சத்து 17 ஆயிரம் சொத்துகளுக்குப் பதிவு தொடங்கப்பட்டிருந்தது. ஒப்புதல் வரை முடிந்தவை 2 லட்சத்து 16 ஆயிரத்துச் சொச்சம்தான். மீதி நின்றதற்குக் காரணங்கள் பல இருக்கும், அவை இந்தப் பேச்சுக்குள் அடங்காது. கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. காலக்கெடு வந்த பிறகு பீரோவைத் திறந்து பத்திரம் தேடி, அதை ஸ்கேன் செய்து, அளவுக்குக் கொண்டுவந்து ஏற்றுவது என்பது எந்த ஜமாஅத்துக்கும் லேசான வேலை இல்லை. எல்லாம் முன்கூட்டியே படமாகித் தயாராக இருந்தால், எந்தத் தளம் எப்போது திறந்தாலும் நமக்குக் கவலை இல்லை. வக்ஃப் என்பது அல்லாஹ்வின் பெயரால் விடப்பட்ட சொத்து. அதன் தாளைக் காப்பதும் அமானிதத்தில் சேரும்.

வீட்டுக்கு வீடு ஒரு கோப்புறை

முடிவாக, ஒவ்வொரு குடும்பமும் இந்த வாரத்தில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். படிக்கிற பிள்ளை ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்புறை போடுங்கள். அதற்குள் 'அசல்' என்று ஒன்று, 'சிறியது' என்று ஒன்று. அசலில், எடுத்தபடி புகைப்படம், கையெழுத்து, ஆதார், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று, வருமானச் சான்று, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம். சிறியதில், 20 முதல் 50 கே.பி.யில் புகைப்படம், 10 முதல் 20 கே.பி.யில் கையெழுத்து. கோப்புக்குப் பெயரும் வையுங்கள். போன் தருகிற எண்ணையே விட்டுவைத்தால் அவசரத்தில் அண்ணன் கையெழுத்து தங்கை படிவத்தில் ஏறிவிடும்.

இடம் இல்லை என்று சொல்வீர்கள். வெள்ளிக்கிழமைதோறும் வந்து குவிகிற ஜும்ஆ முபாரக் படங்களையும் காலை வணக்கப் பூக்களையும் அழித்தாலே பாதிப் போன் காலியாகும். ஜும்ஆ வாழ்த்து மனதில் இருந்தால் போதும். அதற்கு 200 படம் போனில் இருக்க வேண்டியதில்லை. பிள்ளையின் சான்றிதழுக்கு இடமில்லாமல் போவதுதான் உண்மையான வீண்விரயம்.

நமது அறக்கட்டளை அலுவலகத்தில் ஞாயிறுதோறும் லுஹருக்குப் பின், கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர் இதற்காகவே இருப்பார்கள். பெண்களுக்கு உதவ ஒரு சகோதரியும் இருப்பார். கட்டணம் எதுவும் இல்லை. அவர்கள் செய்து தர மாட்டார்கள், உங்களைச் செய்ய வைத்துக் காட்டித் தருவார்கள். இரண்டு முறை கையால் செய்துவிட்டால் மூன்றாவது முறை யாரும் தேவைப்படாது. வேலை முடிந்ததும் உங்கள் கோப்புகளை உங்கள் முன்னாலேயே எங்கள் கணினியிலிருந்து அழித்துவிடுவார்கள்.

மனுவுக்குக் கடைசி நாள் என்று ஒன்று போடுவது, அதற்குள் எப்போது வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்பதற்காகத்தான். அன்றைக்கே கொடுக்க வேண்டும் என்பதற்காக இல்லை. ஒரு வாரம் முன்னால் உட்காருங்கள். தடை வந்தால் நிவர்த்தி செய்ய நேரம் இருக்கும். முயற்சி நம் கையில், முடிவு அல்லாஹ்விடம். முயற்சியில் நம் பக்கம் குறை இருக்க வேண்டாம்.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளின் கல்வியிலும் ரிஸ்கிலும் பரக்கத் செய்வானாக! அவர்கள் கற்ற கல்வி இந்த ஊருக்கும் உம்மத்துக்கும் நாட்டுக்கும் பயன்பட அருள்புரிவானாக! ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரக்காத்துஹு.